கிரய ஒப்பந்தம் கடனுக்குக் காப்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் போட்டுவைப்பதைவிட, வீட்டுப் பத்திரத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு தனியாருக்கு வட்டிக்குக் கொடுப்பதே லாபம் என்று நினைப்பவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. 10 லட்சம் ரூபாயை வைப்பு நிதியில் போட்டால் மாதம் 6,000 ரூபாய் கிடைப்பதே பெரிது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 20,000. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் தரகர்கள் ஆள் பிடிக்கிறார்கள். நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவர்கள் சொல்லாமல் விடுவதை எழுத விரும்புகிறேன்.

கடன் கொடுப்பவர்களில் பலர் அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதில்லை. முத்திரைச் செலவு மிச்சம் என்றும், பணம் வராவிட்டால் வீட்டையே எழுதி வாங்கிவிடலாம் என்றும் கருதி, கடன் தொகையை முன்பணமாகக் காட்டிக் கிரய ஒப்பந்தம், அதாவது வீட்டைப் பின்னர் விற்பதாக உறுதி தரும் ஒப்பந்தம், எழுதிக்கொள்கிறார்கள். சிலர் கூடவே, உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரமும் வாங்கிவிடுகிறார்கள். வழக்கு என்று வரும்போது, இது விற்பனைக்கான ஒப்பந்தமே அல்ல, கடனுக்கு ஈடாகப் போட்ட கையெழுத்து என்று எதிர்த்தரப்பு வாதிடும். சந்தை மதிப்பில் பாதிகூட இல்லாத விலை, கிரயத்தை முடிக்க இரண்டு மூன்று ஆண்டு அவகாசம், மாதந்தோறும் வட்டியைப் போல ஒரே தொகை கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்கில் ஏறியிருப்பது ஆகியவை அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால் கிரயம் கிடைக்காது. கொடுத்த பணத்துக்காவது தீர்ப்பு கிடைத்தால் சரி. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டு. பதிவு செய்த அடமானத்தின் பேரில் பணத்தை வசூலிக்கவோ 12 ஆண்டு. முத்திரைச் செலவை மிச்சம் பிடித்து ஒன்பது ஆண்டுகளை விட்டுக்கொடுப்பது என்ன சிக்கனமோ தெரியவில்லை.

வங்கிக் கடன் கட்டாதவரின் வீடு ஏலத்துக்கு வருகிறதே, நமக்கும் அப்படித்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடும் அதிகாரத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிகளுக்கும் குறிப்பிட்ட நிதி நிறுவனங்களுக்கும் மட்டுமே அளித்துள்ளது. தனிநபரோ உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, பணம் கட்டக் கெடு விதிக்கும் முதனிலைத் தீர்ப்பாணை, ஏலத்துக்கு உத்தரவிடும் இறுதித் தீர்ப்பாணை, அதைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். கடைசியில் ஏலம் கேட்க உள்ளூரில் எவரும் முன்வராமல், கடன் கொடுத்தவரே நீதிமன்ற அனுமதி பெற்று ஏலம் எடுக்க நேர்வதும் உண்டு. மாத வருமானத்துக்காகப் பணம் கொடுத்தவரிடம் அப்போது ரொக்கமும் இராது, வட்டியும் இராது. காலி செய்ய மறுக்கும் குடும்பத்தோடு ஒரு வீடு மட்டும் இருக்கும்.

பேசிய வட்டி முழுவதும் கைக்கு வரும் என்பதற்கும் உறுதி இல்லை. அளவு மீறிய வட்டியைக் குறைக்க 1918ஆம் ஆண்டிலிருந்தே நீதிமன்றங்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அத்தகைய வட்டி குற்றமும் ஆகும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று தரகர் காட்டும் தாளையும் முழுதாக நம்ப முடியாது. பூர்விகச் சொத்தில் கடன் கேட்பவரின் உடன்பிறந்த பெண்களுக்கு உள்ள பங்கு, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும் அந்தச் சான்றில் வராது. வங்கியின் சட்ட ஆலோசகர் இதைக் கண்டு கடனை மறுத்திருக்கலாம். அதனாலேயே கடன் கேட்பவர் ஆண்டுக்கு 24 சதவீத வட்டிக்கு ஒப்புக்கொண்டு நம்மிடம் வந்திருக்கலாம்.

பதிவுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கிரய ஒப்பந்தம் பதிவுக்கு வரும்போது, இது கடனுக்கு ஈடாக எழுதப்படுகிறதா என்று சார்பதிவாளர் இரு தரப்பாரையும் கேட்டு, அவர்கள் அளிக்கும் பதிலை ஆவணத்திலேயே குறித்துவைக்கும் நடைமுறையைக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால், அவசரத்துக்குக் கையெழுத்திட்டு வீட்டையே இழக்கும் கடன்காரருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
மதுரை