பத்தடி அஸ்திவாரம், ஒல்லிச் சுவர்

அன்புள்ள சுப்பு,

நலம். மகள் வீட்டுக்கு இங்கிலாந்தின் நியூகாசில் வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, இவர்கள் காபி பழகவே பழகாது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு மாப்பிள்ளை ஹேட்ரியன் சுவர் பார்க்கக் கூட்டிப்போனார். ரோமப் பேரரசின் வட எல்லையில் கி.பி. 122 வாக்கில் எழுப்பத் தொடங்கியது. டைன் ஆற்றங்கரையில் ஆரம்பித்து மேற்கே சோல்வே கழிமுகம் வரை 117 கிலோமீட்டர். பார்த்ததிலிருந்து உன் நினைப்புதான்.

பிளேன்ட்ரீஸ் என்ற இடத்தில், ஆடு மேயும் புல்வெளி நடுவே ஒரு துண்டுச் சுவர் நிற்கிறது. கொஞ்ச தூரம் பத்தடி அகலத்தில் வருகிறது, சட்டென்று ஒல்லியாகிவிடுகிறது. ஆனால் கீழே அஸ்திவாரம் மட்டும் அதே பத்தடியில் தொடர்கிறது! அஸ்திவாரம் போடும் ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். சுவர் எழுப்புகிறவர்கள் வந்து சேர்வதற்குள் அகலத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் இருக்கும். நாம் பார்க்காத கூத்தா இது?

கட்டிய விதம் உனக்குப் பிடிக்கும். இரண்டு முகத்திலும் செதுக்கிய மணற்கல். ஒவ்வொரு கல்லும் பின்பக்கம் கூம்பிப் போகிறது, அந்த வால் சுவருக்குள் நன்றாகக் கடித்துக்கொள்ளும். நடுவில் உடைகல்லைக் கொட்டிக் களிமண்ணோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்து நிரப்பியிருக்கிறார்கள். மேற்குப் பகுதியில் முதலில் கல்லே கிடையாது. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கினார்கள், பிறகுதான் கல்லுக்கு மாற்றினார்கள். கட்டியது மூன்று லீஜியன் படைகள். ஒவ்வொரு நூற்றுவர் அணியும் தான் கட்டிய பகுதியில் தலைவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தது. பேர்தான் நூற்றுவர், ஆள் எண்பது. மஸ்டர் ரோலில், அதாவது வேலையாள் வருகைப் பதிவில், ஆளைக் கூட்டிக் காட்டும் கதை அப்போதே உண்டு போல.

பிளேன்ட்ரீஸ் துண்டு மிஞ்சியதே ஒரு கிழவரால். 1801-இல் வில்லியம் ஹட்டன் என்பவர் 78 வயதில் பர்மிங்ஹாமிலிருந்து நடந்தே வந்து சுவர் நெடுகப் பார்த்திருக்கிறார். அங்கே நிலத்துக்காரர் வீடு கட்டுவதற்காகச் சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஹட்டன் அழாத குறையாகக் கெஞ்சிய பிறகுதான் மிச்சம் தப்பியது. நான் கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்ததற்கே முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

அப்புறம், அதே சுவர் வழியில் லைம்ஸ்டோன் கார்னர் என்ற இடம். பெயர்தான் சுண்ணாம்புக்கல், கிடப்பதெல்லாம் டாலரைட் என்ற கடினமான பாறை, கறுத்த இரும்பு மாதிரி. சுவருக்கு முன்னால் அகழி தோண்டிக்கொண்டே வந்தவர்கள் இங்கே வந்ததும் கைவிட்டுவிட்டார்கள். சுவருக்குத் தெற்கே ஓடும் இன்னொரு பள்ளத்தை மட்டும் இதே பாறையில் முழுதாக வெட்டி முடித்திருக்கிறார்கள்; எனவே முடியாமல் விட்டதாகச் சொல்ல முடியாது. முடிக்காத அகழிக்குள் ஒரு பெரிய கல். அதன் தலையில் வரிசையாக ஆப்புக் குழிகள். அடித்து உடைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு குழிக்குள் விரலை விட்டேன், மழைத்தண்ணீர் நின்றிருந்தது.

போட்டோ அனுப்புகிறேன். உன் குவாரி மேஸ்திரியிடம் காட்டு. குழிகளின் ஆழத்தையும் இடைவெளியையும் பார்த்து, ஆப்பு அடித்திருந்தால் அந்தக் கல் பிளந்திருக்குமா, ஆளை ஏமாற்றியிருக்குமா என்று கேட்டு எழுது.

உன்,
கணேசன்