ஸ்டிக்கர் உரிந்தால் பழி மழைக்கா?

கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரும் வழியில் கடைப் பலகைகளையும் பாடசாலை வேன்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஆறு மாதம்கூட ஆகாத ஸ்டிக்கர்கள் ஓரம் சுருண்டு நிற்கும். கேட்டால், "எங்கட மழைக்கு எதுவும் நிக்காது" என்பார்கள். மழைக்கு வாயில்லை. தவறு பெரும்பாலும் ஸ்டிக்கர் ரோல் வாங்கியதிலும் ஒட்டிய நேரத்திலும்தான் இருக்கிறது.

ஸ்டிக்கர் அடிக்கும் பிளாஸ்டிக் படலத்தை வினைல் என்ற ஒரே பெயரில் மூன்று சரக்காக விற்கிறார்கள். மோனோமெரிக் 80 முதல் 100 மைக்ரோன், பொலிமெரிக் 70, 80 மைக்ரோன், காஸ்ட் ஏறக்குறைய 50 மைக்ரோன். விரலால் தடவி, தடிப்பானதே நல்லது என்று வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். முதலிரண்டும் உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்துச் செய்தவை. வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், அதிலும் மோனோமெரிக் அதிகமாக. காஸ்ட் திரவமாக ஊற்றி உலர்த்தியது, இழுபட்டதில்லை. தட்டையான பலகையில் சில மாத விளம்பரத்துக்கு மோனோமெரிக் போதும். வேனின் வளைவுக்கும் ஆணித்தலைக்கும் காஸ்ட்தான். மற்றதை ஹீட் கன்னால் எவ்வளவு வாட்டினாலும் பள்ளத்திலிருந்து எழும்பிவிடும்.

எந்த ரோல் என்று சந்தேகமா? அலுமினியத் தகட்டில் 10 சென்றிமீற்றர் சதுரம் ஒட்டி, நடுவில் பிளேட்டால் சிலுவைக் கீறல் போடுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போட்டில் ஒரு வாரம் கிடக்கட்டும். கீறல் அரை மில்லிமீற்றருக்கு வாய் பிளந்தால் அந்த ரோல் வாகனத்துக்கு ஆகாது.

பசையையும் பார்க்க வேண்டும். ஒட்டப்போகும் அதே பரப்பில் ஒரு அங்குல அகலத்தில் இரண்டு பட்டி ஒட்டி, ஒன்றை 20 நிமிடத்திலும் மற்றதை 24 மணித்தியாலத்திலும் பின்னுக்கு மடித்து இழுங்கள். இரண்டாவது நன்றாக இறுகியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே இலகுவில் வந்தால் பரப்பில் மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது, அல்லது குளிர். புதுப் பெயின்டில் மறுநாள் குமிழ் எழும்பினால் பெயின்ட் இன்னும் காயவில்லை. ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

இந்தக் குளிரைத்தான் நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பல ரோல்களை ஒட்டக் குறைந்தபட்சம் 10 பாகை செல்சியஸ் வேண்டும் என்று உற்பத்தியாளர்களே குறிப்பிடுகிறார்கள். அது காற்றின் சூடல்ல, தகரத்தின் சூடு. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் வேனின் தகரம் அதற்கும் கீழே போகும், பனி ஈரமும் இருக்கும். பசை விறைத்து, தகரத்தோடு படியாமல் மேலே மிதக்கும். முதல்நாளே வாகனத்தை உள்ளே எடுத்து, அல்ககோலால் துடைத்து, பதினொரு மணிக்குப் பிறகு ஒட்டுவதே புத்தி. குளிர் அறையிலிருந்த ரோலை உடனே பிரிண்டரில் போட்டாலும் வியர்த்து மை திட்டுத்திட்டாகும்.

எக்கோ சொல்வென்ட் மையில், அதாவது கரைப்பான் கலந்த மையில், அடித்ததை 24 மணித்தியாலம் தளர்வாகத் தொங்கவிட்டே லெமினேட் செய்ய வேண்டும், அதாவது மேலே கண்ணாடி போன்ற பாதுகாப்புப் படலம் ஒட்ட வேண்டும்; பனிமூட்டமான மாதங்களில் 48. மை வாசனை மூக்கில் ஏறும்போதே மூடினால், உள்ளே சிக்கிய சொல்வென்ட் பசையை இளக்கும். காஸ்ட் மேல் மோனோமெரிக் லெமினேட் போடுவதும் வீண், மேலது சுருங்கிக் கீழதையும் இழுத்துவிடும். செலவு மிச்சம் என்று லெமினேட்டையே விடுவது அதைவிட மோசம். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் பத்து சதவீதமளவு கூடுகிறது. மேகம் பார்த்து ஏமாறக் கூடாது.

முச்சக்கரவண்டியின் ரெக்சின் கூரையில் ஒட்டித்தரக் கேட்டால் மறுத்துவிடுவதே நேர்மை. ரெக்சினிலுள்ள எண்ணெய்ப் பதம் பசைக்குள் இறங்கிக் கூழாக்கிவிடும்.

அச்சகங்களிடம் ஒரு கோரிக்கை. பில்லில் 'ஸ்டிக்கர் 1' என்று மட்டும் எழுதாமல், வினைல் எந்த வகை, லெமினேட் எந்த வகை, அச்சடித்த திகதி, ஒட்டிய திகதி என நான்கையும் எழுதிக் கொடுங்கள்.

இங்ஙனம்,
அச்சுத் தொழிலாளர் சிலர்,
ஹட்டன்.