கணக்கெடுக்க வேண்டியது குழந்தைகளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு பகுதியில் அங்கன்வாடிப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகள் காப்பகம் பற்றிய நம் சட்டங்களில் உள்ள குறை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு 4 முறை சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 50 மாறவில்லை. ஆனால் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் எங்கள் பகுதி பவர்டேபிள் (மின் தையல் இயந்திர) யூனிட்டுகளில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். ஒரே தெருவில் ஏழெட்டு யூனிட்டுகள் இருந்தாலும், தனித்தனியாக எண்ணினால் ஒன்றுகூட இந்த விதிக்குள் வராது. அங்கே தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்யும் பெண்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அங்கன்வாடியோ மாலையிலேயே மூடப்பட்டுவிடும்.

நான் மையத்தைப் பூட்டும் நேரத்தில், ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி புத்தகப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, தூக்கம் கலையாத தம்பியை முதுகில் சுமந்து போவாள். அம்மா வரும்வரை அவனுக்குச் சோறூட்டித் தூங்கவைப்பது அவள் பொறுப்பு. அவனுக்குக் காய்ச்சல் கண்ட நாள்களில் அவள் பள்ளிக்குப் போனதில்லை. கல்வி உரிமைச் சட்டம் தரும் உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்று 11ஆம் பிரிவு சொல்வதோடு நின்றுவிடுகிறது. தம்பிக்கு இல்லாத உரிமையால் அக்காவின் உரிமையும் பறிபோனதை அன்றாடம் பார்த்தவள் நான்.

வேறு வழியில் எண்ணிய சட்டமும் நம்மிடம் உண்டு. 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்துக்கு வரும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்தச் சொன்னது. அங்கே எண்ணப்பட்டவர்கள் குழந்தைகள். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு ஏற்கெனவே இடமளிக்கிறது. எனவே தமிழக அரசு, சிறு யூனிட்டுகள் உள்ள ஒவ்வொரு பகுதியிலும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்து, யூனிட் உரிமையாளர்களின் பங்களிப்போடு, ஷிப்ட் முடியும் நேரம்வரை திறந்திருக்கும் பொதுக் காப்பகங்களைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருப்பூர் மாவட்டம்.