மக்னீசியம் வேறு, மாங்கனீசு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில், பருத்தி இலை சிவந்தால் லிட்டருக்கு 10 கிராம் ‘மாங்கனீசு சல்பேட்’ கலந்து தெளிக்கலாம் என்று அச்சாகியிருந்தது. அது ‘மக்னீசியம் சல்பேட்’ என்று இருந்திருக்க வேண்டும். சின்னப் பிழைதான். ஆனால் குறிப்பைக் கத்தரித்துக்கொண்டு உரக்கடைக்குப் போகிறவருக்கு அதில் எழுதியிருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மாங்கனீசு சல்பேட்டுக்கு வழக்கமான தெளிப்பு அளவு லிட்டருக்கு 5 கிராம். அதை இரண்டு மடங்காக்கினால் இலை கருகலாம்; சிவப்பும் மாறாது.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. இரண்டு பெயருமே கிரேக்க நாட்டின் மக்னீசியா என்ற பகுதியிலிருந்து பிறந்தவை. 1808இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, இன்று மக்னீசியம் எனப்படும் உலோகத்தைப் பிரித்தபோது ‘மக்னியம்’ என்றுதான் பெயரிட்டார். அப்போது ‘மக்னீசியம்’ என்ற சொல்லை மாங்கனீசுக்குப் பயன்படுத்தி வந்ததே காரணம். பிறகு அவரே மனம் மாறி மக்னீசியம் என்றார். அன்று அவர் பயந்தது வீண் போகவில்லை!

கடையில் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். மக்னீசியம் சல்பேட் நிறமற்ற அல்லது வெள்ளைப் படிகம். மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கிடைப்பதும் இதுதான் (உரத் தரத்தில் வருவதை வாயில் வைக்கக் கூடாது). மாங்கனீசு சல்பேட் லேசான ரோஜா நிறம். தூளாக இருந்தால் இரண்டும் வெளுத்துத் தெரியும், கண்ணை நம்ப முடியாது. அப்போது ஒரு சிட்டிகையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதே அளவு தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றுங்கள். மக்னீசியம் என்றால் வெள்ளையாகக் கலங்கி, வெள்ளையாகவே நிற்கும். மாங்கனீசு என்றால் கலங்கல் காற்றுப் பட்டுச் சில நிமிடங்களில் பழுப்பாகும். கலக்கிவிட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

பயிரைப் பார்த்தும் சொல்லலாம். இலையின் பச்சையத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பது மக்னீசியம். அது செடிக்குள் எளிதில் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும், பருத்தியில் செவ்வூதாவாகும். தென்னையில் அடிமட்டை மஞ்சளாகும். வெயில் படும் இடம் வெளுத்திருக்க, மேல் ஓலையின் நிழல் விழுந்த இடம் பச்சையாகவே இருப்பதைப் பார்க்கலாம். மாங்கனீசு அப்படி நகராது. அதன் குறை இளம் இலையில் தெரியும்.

சிவப்பைக் கண்டதும் மக்னீசியம் என்று ஓடவும் வேண்டாம். தழைச்சத்துக் குறைவிலும் பருத்தி சிவக்கும், இரவுக் குளிரிலும் சிவக்கும். இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு ஓரத்திலிருந்து சிவந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், தத்துப்பூச்சி இருக்கும். அதற்கு மக்னீசியம் சல்பேட் தெளித்துப் பயனில்லை.

மக்னீசியக் குறைதான் என்று தெரிந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் மக்னீசியம் சல்பேட் போட்டு, மாலையில் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். மண்ணில் இடுவதென்றால் ஏக்கருக்கு 10 கிலோ. தென்னைக்கு மரத்துக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ. மூட்டையில் என்ன வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான படிக உப்பின் எடையில் பாதி தண்ணீர்தான். 10 கிலோவில் மக்னீசியம் ஒரு கிலோகூட வராது. நீர் நீக்கிய தூளில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும், அதனால் அளவைப் பாதியாக்க வேண்டும். பொட்டாஷை அள்ளிக் கொட்டிய தோட்டத்தில் மண்ணில் மக்னீசியம் இருந்தும் வேர் எடுக்காது. அங்கே முதலில் குறைக்க வேண்டியது பொட்டாஷ்.

சொட்டுநீரில் விடுகிறவர்கள் இதைக் கால்சியம் நைட்ரேட்டுடன் ஒரே தொட்டியில் கரைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஜிப்சம் வெள்ளையாகப் படிந்து சொட்டுவானை அடைத்துவிடும். பாஸ்பேட் உரத்தோடு செறிவாகக் கலந்தாலும் படிவு விழும். முதலில் ஒன்றை விட்டு, குழாயை வெறும் நீரில் அலசி, பிறகு மற்றதை விடலாம். வேறு நாளில் விட்டால் இன்னும் நல்லது.

திருத்தத்தை அடுத்த வேளாண் பக்கத்திலேயே, குறிப்பு வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைப் பணியில் இருக்கும் வாசகர்,
சேலம்