தலைக்குத் தண்ணீர் விடப் பயப்படாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள் என்று படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இரவில் திரும்பவும் புத்தகம் படிக்க முடிகிறது. மற்ற செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது உன் முடியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கொட்டுகிற முடியைப் பார்க்கப் பயந்து தலைக்குக் குளிப்பதையே தள்ளிப்போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் வகிடு அகன்றுகொண்டுதான் வருகிறது, அந்தப் பயம் எப்படியென்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், தண்ணீரோடு போகிற முடியை ஷாம்பு பிடுங்கவில்லை. ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வரை வளர்கிறது. பிறகு வளர்ச்சி நின்று, இரண்டு மூன்று மாதம் வேரில் சும்மா தங்கியிருந்து உதிர்கிறது. நீ கையில் பார்க்கிற முடி, விழுவதென்று எப்போதோ முடிவானது. நாளுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது எல்லோருக்கும் உண்டு. பல நாள் தலையை நனைக்காமல் இருந்தால் அத்தனையும் சேர்ந்து ஒரே நாளில் கொத்தாக வரும். அதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் தள்ளிப்போடுவாய்.

முடி மெலிந்ததற்காக எண்ணெய்ச் சுரப்பிகள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. அந்தப் பிசுக்கு இருக்கிற கொஞ்ச முடியில் ஏறி, இழைகளை ஒட்டவைத்து, நடுவில் தோலைக் காட்டிவிடுகிறது. அழுக்கு சேர்ந்தால் பொடுகும் அரிப்பும் வேறு. அதனால் மெல்லிய முடிக்காரர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி அலச வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட அலசலாம். உன் முடி வறண்டது என்றால் வாரம் இரண்டு முறை போதும்.

குளிப்பதற்கு முன்னாலேயே, முடி உலர்ந்திருக்கும்போதே, சிக்கு எடுத்துவிடு. நனைந்த முடி எளிதாக இழுபடும், சீக்கிரம் அறுந்தும் போகும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சூடு வேண்டாம். மென்மையான ஷாம்புவாகப் பார்த்து வாங்கி, கையில் தண்ணீர் கலந்து தேய்த்துக்கொண்டு, தலைத்தோலில் மட்டும் போடு. நகம் படாமல் விரல் நுனியால் தேய். முடி நீளத்தை உச்சியில் குவித்துக் கசக்கவே கூடாது. அலசும்போது வழிகிற நுரையே அதற்குப் போதும்.

கண்டிஷனரில் இதை அப்படியே திருப்பிக்கொள். அது தோலுக்கானதில்லை, முடிக்கானது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. உன் தோள் தாண்டிய முடியின் நுனி மூன்று வருஷ வெயிலும் சீப்பும் பட்டது. அடிபட்ட இடத்தில்தான் கண்டிஷனர் நன்றாகப் பிடிக்கும், இழைகள் வழுக்கிக்கொண்டு போகும், சீவும்போது அறுவது குறையும். காதுக்குக் கீழே தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, பிசுபிசுப்பு போக அலசிவிடு. வேர்ப்பக்கம் போட்டால் முடி படிந்து மண்டை இன்னும் வெறிச்சோடித் தெரியும். முடி படியும் என்பதற்காகக் கண்டிஷனரையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு, மெல்லிய முடிதான் முதலில் அறும். லேசானதாக வாங்கு. அதுவும் கனமாகத் தெரிந்தால் முதலில் கண்டிஷனர், பிறகு ஷாம்பு என்று மாற்றிப் போட்டுப் பார். எனக்கு அது ஒத்துவருகிறது.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போடாதே. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போ.

அடர்த்தி தரும் என்று விற்கிற ஷாம்பு ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லியதாகப் படிந்து தடிப்பாகக் காட்டும், அடுத்த முறை அலசினால் போய்விடும். அப்படித் தெரிவதே மனதுக்குத் தெம்பு என்றால் தாராளமாக வாங்கு. ஆனால் எந்த ஷாம்புவும் புது முடியை முளைக்கவைக்காது.

அதனால் ஒரு தோல் மருத்துவரைப் பார். அந்தக் கடுமையான காய்ச்சலுக்குப் பிறகுதான் அதிகமானது என்கிறாய். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது வழக்கம்தான், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல். வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தோல் சிவந்து எரிந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதே. முடி வளரத் தலையில் தடவுகிற மினாக்ஸிடில் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தால் அலசி நன்றாக உலர்ந்த தலையில் தடவு, அதன்பின் நாலு மணி நேரமாவது நனைக்காதே. தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதே, பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும்.

நாளைக்கே தலைக்குக் குளி. மருத்துவர் என்ன சொன்னார் என்று விவரமாக எழுது, காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் தோழி