கிறிஸ்துமஸ் முடிந்த பிறகும் கர்ஸ்டியைப் போடுங்கள்

பிரிட்டிஷ் வானொலிகளில் எந்த வேளைக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதிய மடலை இவர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள் என்று சிலர் சிரிக்கலாம். லண்டனில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. யாராவது ஒருவர் உங்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். நான் கேட்பது பெரிய உதவியும் இல்லை. கர்ஸ்டி மெக்கால் என்ற பாடகியை டிசம்பர் போக மீதி மாதங்களிலும் கொஞ்சம் ஒலிக்க விடுங்கள், அவ்வளவுதான்.

நவம்பர் கடைசி வந்தால் போதும், 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' உங்கள் எல்லா அலைவரிசைகளிலும் வந்துவிடுகிறது. த போக்ஸ் குழுவின் ஷேன் மெக்கோவனோடு கர்ஸ்டி மல்லுக்கு நிற்கும் பாட்டு. அருமையான பாட்டுதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆணும் பெண்ணும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வதைப் பண்டிகைப் பாட்டாக ஒரு நாடே சேர்ந்து பாடுவது லேசான காரியமா? ஆனால் ஜனவரி பிறந்ததும் மரத்தில் தொங்கிய பொம்மைகளோடு சேர்த்து அந்தக் குரலையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறீர்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் 'அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டில் வரும் பெண்'. சிலருக்குப் பெயர்கூடத் தெரியாது.

அவரை அப்படிப் பார்க்காத ஒரு கூட்டம் இருக்கிறது. கர்ஸ்டி 1959 அக்டோபர் 10 அன்று க்ராய்டனில் பிறந்தவர். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, லண்டன் சோஹோ சதுக்கத்தில் ஒரு பெஞ்சைச் சுற்றி அவருடைய ரசிகர்கள் கூடுகிறார்கள். 2001இல் அவர் நினைவாக வைக்கப்பட்ட பெஞ்சு அது. அந்தச் சதுக்கத்தின் பெயரிலேயே அவர் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், 1993இல் வந்த 'டைட்டானிக் டேஸ்' தொகுப்பில் இருக்கிறது. அதில் வரும் பெஞ்சு வரிதான் இந்தப் பெஞ்சிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பாட்டு உண்டு, பழங்கதை உண்டு, அடுத்து என்ன வெளிவருகிறது என்ற விசாரிப்பும் உண்டு. 2023இல் அவருடைய பாட்டுகளை எட்டு சிடிகளில் தொகுத்து ஒரு பெட்டியாக வெளியிட்டார்களே, இறந்து இருபது ஆண்டு கடந்த ஒருவருக்கு அப்படி ஒன்று வருகிறது என்றால் வாங்க ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்? கடைக்காரருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

இன்னொன்று, வானொலி அவருக்கு ஒரு பழைய பாக்கி வைத்திருக்கிறது. இல்லை, நியாயமாகச் சொன்னால் அந்த முதல் முறை வானொலி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. 1979இல் ஸ்டிஃப் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'தே டோன்ட் நோ' அவருடைய முதல் தனிப்பாட்டு. எழுதியதும் அவரே. வானொலிகள் அதைத் தூக்கிப் பிடித்தன, திரும்பத் திரும்பப் போட்டன. கேட்டவர்கள் கடைக்குப் போனால் தட்டு இல்லை. விநியோகத்தில் வேலைநிறுத்தம். ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு விற்பனைப் பட்டியலில் தலைகாட்டவே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ட்ரேசி உல்மன் அதே பாட்டைப் பாடி பிரிட்டனில் 2ஆம் இடம் வரைக்கும் கொண்டுபோனார். அந்தப் பதிவில் நடுவே ஓரிடத்தில் உச்சத்தில் 'பேபி' என்று ஒரு கூவல் வரும், கவனித்திருப்பீர்கள். அது உல்மனின் குரல் இல்லை. அந்தச் சுருதி அவருக்கு எட்டவில்லை என்று கர்ஸ்டியே பாடிக் கொடுத்தார். தன் பாட்டு இன்னொருவர் பெயரில் வெற்றி பெறும்போது அதன் உயரமான இடத்தைத் தானே பாடிவைத்த ஆள்!

அடுத்தவர் பாட்டுக்குக் குரல் கொடுப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. த ஸ்மித்ஸ் குழுவின் 'ஆஸ்க்', ஹேப்பி மண்டேஸின் 'ஹாலலூயா', டாக்கிங் ஹெட்ஸின் 'நேக்கட்' தொகுப்பு என்று எங்கெங்கோ பின்னால் நின்று பாடியிருக்கிறார். பல அடுக்குகளாகத் தன் குரலைத் தானே பதிந்து ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் அந்த முறை ஒருமுறை காதுக்குப் பிடிபட்டுவிட்டால், பிறகு யாருடைய பாட்டில் இருந்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். ரசிகர்களுக்கு இது ஒரு விளையாட்டு. நீங்களும் உங்கள் நேயர்களை வைத்து ஆடலாம், ஒரு மாலை நேர நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போதும்.

நீங்கள் டிசம்பரில் போடும் அந்தப் பாட்டுக்கே அவர் இப்படித்தான் வந்து சேர்ந்தார். முதலில் பாடவிருந்தவர் த போக்ஸில் பேஸ் கிட்டார் வாசித்த கேட் ஓ'ரியார்டன். அவர் 1986இல் குழுவை விட்டுப் போய்விட்டார். அந்தப் பாட்டு இருந்த தொகுப்பின் தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், அப்போது கர்ஸ்டியின் கணவர். பெண் குரல் எப்படி வர வேண்டும் என்று காட்டுவதற்காக மட்டும் வீட்டு ஸ்டுடியோவில் மனைவியைப் பாடவைத்துக் கொண்டுபோனார். கேட்ட பிறகு வேறு யாரையும் தேடுகிற பேச்சே எழவில்லை. 1987 கிறிஸ்துமஸுக்கு அது 2ஆம் இடத்தில் நின்றது, முதலிடம் பெட் ஷாப் பாய்ஸுக்கு. மேடை என்றாலே நடுங்கிய கர்ஸ்டிக்கு அந்தப் பயம் குறைந்ததும் த போக்ஸோடு ஊர் ஊராகப் போன பிறகுதான்.

பாட்டுகளை வரிசைப்படுத்துவது உங்கள் தொழில் அல்லவா, உங்களுக்கென்றே ஒரு சேதி. யூ2 குழுவின் 'த ஜோஷுவா ட்ரீ' தொகுப்பில் எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று அடுக்கியவர் கர்ஸ்டி. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எவை என்று குழு சொல்லிவிட்டது. நடுவில் உள்ளதைத் தனக்குப் பிடித்த வரிசையில் அவர் வைத்தார். அந்த அடுக்கோடுதான் அது உலகம் முழுக்க விற்றது.

சரி, 2007க்கு வருவோம். அந்த ஆண்டு பிபிசியின் ரேடியோ 1 நிலையம் 'ஃபேரிடேல்' பாட்டில் இரண்டு வசைச் சொற்களை அமுக்கிவிட்டு ஒலிபரப்பியது. கர்ஸ்டியின் தாய் ஜீன் நியூலவ் வானொலியிலேயே வந்து அந்தக் கூத்தைக் கண்டித்தார். அன்று மாலைக்குள் நிலையம் பின்வாங்கியது. அது டிசம்பர் 18, கர்ஸ்டி இறந்த அதே தேதி. 2020இல் ரேடியோ 1 மறுபடியும் திருத்திய வடிவத்துக்குப் போனது. அந்தச் சொற்களில் ஒன்று ஓரினச் சேர்க்கையாளர்களைக் குத்தும் சொல். அதைக் கேட்டு மனம் புண்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு சொல்லைப் பற்றி இத்தனை பேர் இத்தனை நேரம் பேசுகிறார்கள், அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் குரலின் மற்ற பாட்டுகளுக்குக் கிடைப்பதில்லை.

டிசம்பர் 18 பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2000ஆம் ஆண்டு. பிபிசிக்காகக் கியூபா பற்றிய வானொலி நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டு, மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குத் தன் இரண்டு மகன்களோடு விடுமுறை போயிருந்தார். படகுகளுக்கு அனுமதி இல்லாத கடற்பகுதியில் நீரில் மூழ்கி எழுந்த வேளையில் ஒரு விசைப்படகு வேகமாக வந்தது. மகனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டு இறந்தார். வயது 41. படகில் இருந்தவர் மெக்சிகோவின் பெரிய வணிகர் ஒருவர். ஓட்டியது நான்தான் என்று அவருடைய ஊழியர் ஒருவர் சொன்னார், தண்டிக்கப்பட்டவரும் அந்த ஊழியரே. சிறைக்குப் பதிலாக 1,034 பெசோ கட்டச் சொன்னார்கள். சுமார் 61 பவுண்டு. ஜீன் நியூலவ் விடவில்லை. கர்ஸ்டிக்கு நீதி கேட்டு அவர் தொடங்கிய இயக்கத்துக்கு ரசிகர்கள் பின்னால் நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் போராடிப் பார்த்துவிட்டு 2009இல் அதை முடித்துக்கொண்டார்கள். கிடைக்க வேண்டியது கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. 2017இல் ஜீனும் காலமானார்.

அதனால்தான் அவர் நினைவை டிசம்பரில் மட்டும் வைத்திருக்க அந்த ரசிகர்களுக்கு மனம் வருவதில்லை என்று நினைக்கிறேன். அது இறந்த மாதம். அவர்கள் கூடுவது பிறந்த மாதத்தில்.

போடப் பாட்டு வேண்டுமா? இறந்த ஆண்டிலேயே வெளிவந்த 'ட்ராப்பிக்கல் பிரெய்ன்ஸ்டார்ம்' முழுக்கக் கியூபா, பிரேசில் தாளங்கள். கோடைக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுவீர்கள்? அதில் 'இங்கிலாந்து 2 கொலம்பியா 0' என்று ஒரு பாட்டு. 1998 உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்த்தபடி பப்பில் ஒருவனோடு உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி, அவன் மனைவி மக்கள் உள்ளவன் என்று பிறகு தெரிகிறது. சிரிப்பும் எரிச்சலும் ஒரே மூச்சில் வரும். உலகக் கோப்பை நேரத்தில் இதைப் போடாத நிலையத்தை என்ன சொல்வது? 'டேஸ்', கிங்க்ஸ் குழுவின் பழைய பாட்டு, 1989இல் இவர் பாடி 12ஆம் இடம் வந்தது, அதிகாலைக்கு நல்லது. பில்லி பிராகின் 'எ நியூ இங்லண்ட்' இவர் பாடி 7ஆம் இடம் பிடித்தது. பாட்டு சின்னதாக இருக்கிறது என்று இவருக்காகவே பிராக் கூடுதலாக ஒரு சரணம் எழுதித் தந்தார். இப்போது தன் மேடைகளில் அந்தச் சரணத்தையும் கர்ஸ்டி நினைவாகச் சேர்த்துப் பாடுகிறார். எழுதியவரே நினைவு வைத்துப் பாடுகிறபோது, ஒலிபரப்ப உங்களுக்கு என்ன தடை?

கேட்பது இவ்வளவுதான். அக்டோபர் 10க்கு அருகில் வரும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் ஒரு மைக்கோடு யாரையாவது சோஹோ சதுக்கத்துக்கு அனுப்புங்கள். அறிவிப்பாளர் ஒன்றும் தயார் செய்ய வேண்டாம், பெஞ்சைச் சுற்றி நிற்பவர்களைப் பேசவிட்டாலே நிகழ்ச்சி ஓடிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஒரு மணி நேரத்தில் 'ஃபேரிடேல்' வேண்டாம். அதற்கு டிசம்பர் இருக்கிறது.

இப்படிக்கு,
கர்ஸ்டியின் ஒரு தமிழ் நேயர்