பேரிடர் கையேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேரிடர் மேலாண்மைத் துறைகளில் பொதுமக்களுக்கான ஆயத்தக் கையேடுகளைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

உங்கள் பட்டியலில் இருக்கும் எந்தப் பொருளையும் நீக்கச் சொல்லி இதை எழுதவில்லை. தண்ணீர், மூன்று நாள் சாப்பாடு, டார்ச், ரேடியோ, முதலுதவிப் பெட்டி, பவர் பேங்க், மருந்து, ஆவணங்களின் நகல், கைக்காசு. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒரே நாளில் கடைக்குப் போய் மொத்தத்தையும் வாங்கிவிடக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது போல இருக்கிறது. வாரக்கூலியில் ஓடும் வீட்டில் அதைப் படிப்பவர் பாதியிலேயே ‘இது நமக்கு ஆகாது’ என்று மடித்து வைத்துவிடுகிறார். அப்புறம் காசே இல்லாமல் செய்யக்கூடியதையும் செய்வதில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைத் தாக்கியது ஆகஸ்ட் 29 அன்று. மாதக் கடைசி. அடுத்த சம்பளமோ உதவித்தொகையோ இன்னும் பலர் கைக்கு வரவில்லை. நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவு முந்தைய நாளே வந்துவிட்டது. காரும் கைக்காசும் இல்லாதவர்கள் எப்படிப் போவது? அந்த உத்தரவைப் போலத்தான் உங்கள் பட்டியலும். சொல்வது சரி. கேட்பவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவில்லை.

முதல் கோரிக்கை: கையேட்டின் முதல் பக்கத்தில் செலவில்லாதவற்றை மட்டும் போடுங்கள். அதில் முதலிடம் தண்ணீருக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். குளிர்பானம் வந்த 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் 24 சேர்ந்தால் முடிந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று சேர்த்தாலும் சில மாதங்களில் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, குடிநீர் நிரப்பி, மூடி, மேலே தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பால் வந்த பாட்டில் மட்டும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அதில் ஒட்டியிருக்கும் மிச்சத்தில் கிருமி வளரும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த கேனைத் தொடவே கூடாது. இவ்வளவையும் எழுத அரைப் பக்கம் ஆகுமா?

சேமித்த தண்ணீர் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். வடிகட்டும் கருவி வாங்குங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமி சாகும் (2000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம்). எரிபொருள் இல்லையா? வாசனையும் நிறமும் சேர்க்காத வீட்டு பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 9 சதவீதம் உள்ளது, ஒரு லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் காத்திருக்கலாம். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிவிட்டு 4 சொட்டு விட வேண்டும். நாள்பட்ட பிளீச்சுக்கு வீரியம் குறைந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். பிளீச்சும் இல்லையென்றால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் (PET) பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைக்கலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். ஆனால் எண்ணெயோ ரசாயனமோ கலந்த வெள்ளநீரை இவற்றில் எதுவும் சுத்தமாக்காது. இந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டிய கரைசலும் அங்கேயே இருக்கட்டும்: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

சாப்பாட்டுக்குத் தனியாகச் சேமிப்புப் பொட்டலம் வேண்டியதில்லை. வீட்டில் எப்போதும் சாப்பிடுவதிலேயே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்தால் சரி. ஜப்பானில் இதை ‘ரோலிங் ஸ்டாக்’ என்ற பெயரில் மக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சமைக்காமலே சாப்பிடக்கூடியது ஒரு நாளைக்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தியைத் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். நெருக்கடியான ஒற்றை அறையில், குழந்தைகள் நடுவே, அது தீ விபத்துக்கு வழி. சின்ன எல்இடி டார்ச் ஒன்று போதும். பேட்டரியை உள்ளே போட்டே வைத்தால் கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும் என்பதால் வெளியே வைக்கச் சொல்லுங்கள். குளிருக்கோ சமையலுக்கோ கரி அடுப்பை மூடிய அறைக்குள் எரிக்கக் கூடாது, ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இல்லாதவர்கள்தான் கையில் கிடைத்ததை எரிப்பார்கள்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனபோது பல கடைகளில் வங்கி அட்டைகள் வேலை செய்யவில்லை. மக்கள் தேடியது சில்லறைக் காசையும் பேட்டரி ரேடியோவையும். எனவே கைக்காசு வைக்கச் சொல்வது நியாயம்தான். ஆனால் உங்கள் பட்டியலிலேயே வாங்கக் கஷ்டமான பொருள் அதுதான், தெரியுமா? மிச்சம் வைக்கக் காசிருந்தால் மற்றதையெல்லாம் எப்போதோ வாங்கியிருப்போமே. ‘தேவையான பணம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘வாரம் ஒரு சின்ன நோட்டு, ஆவண நகல்கள் இருக்கும் அதே உறையில்’ என்று எழுதுங்கள். ஒருவேளை நடக்கும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கையேடுகள் கூச்சப்படுகின்றன. 2011 நிலநடுக்கத்தில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் பரவலாக உடைந்தபோது பலர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்ட வேண்டி வந்தது. தோட்டமே இல்லாத வீட்டுக்கு இரண்டு வாளி முறை இருக்கிறது: சிறுநீர் ஒன்றில், மலம் இன்னொன்றில், மலத்தின் மேல் ஒவ்வொரு முறையும் மரத்தூளோ உலர்ந்த இலையோ தூவி மூடிவைப்பது. இரண்டும் கலக்காதவரை நாற்றம் குறைவு, கையாளவும் சுலபம். மூடியுள்ள இரண்டு பழைய வாளிகள் எந்த வீட்டிலும் தேறும்.

இனி, வீட்டுக்காரர் கையில் இல்லாத ஒன்று. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் ‘ஒரு வாரத்துக்குக் கூடுதல் மருந்து வைத்திருங்கள்’ என்கிறீர்கள். இலவசமாகவோ காப்பீட்டிலோ மருந்து வாங்குகிறவருக்கு முந்தைய அளவு தீரும் நேரத்தில்தான் அடுத்தது கிடைக்கும் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. அவர் எங்கிருந்து சேர்ப்பார்? சர்க்கரை நோயாளிக்கும் வலிப்பு நோயாளிக்கும் இது உயிர்ப் பிரச்சினை. சுகாதாரத் துறையோடு உட்கார்ந்து பேசி, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு வார மருந்தைக் கூடுதலாகத் தர வழி செய்யுங்கள். இதை நீங்கள்தான் செய்ய முடியும்.

கையேடு முழுக்க ‘உங்கள் குடும்பம்’ என்றே இருக்கிறது. ஏன்? ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் எட்டு வீட்டுக்கு ஒரு ரேடியோ, ஒரு நல்ல முதலுதவிப் பெட்டி, ஒரு கயிறு, ஒரு கடப்பாரை போதும். செலவு எட்டாகப் பிரியும். யார் வீட்டில் எது இருக்கிறது, நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை எங்கே என்று எழுதிக்கொள்ள ஒரு வெற்றுப் பக்கம் விடுங்கள். வண்ணப்படங்களில் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன், வாரக்கூலி வாங்கும் சில வீடுகளில் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் கீழே வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, தண்ணீர்ப் பகுதி அதற்கு மேலே வருகிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
வாரக் கணக்கில் வீடு நடத்தும் ஒருவர்